வெஸ்டர்டைக் பூஞ்சைத் தொகுப்பு

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உள்ள இத்தொகுப்பு, உலகில் பூஞ்சைகளை உயிரோடு காத்துவரும் மிகப் பெரிய தொகுப்புகளுள் ஒன்று. 1904இல் பன்னாட்டுத் தாவரவியலாளர் சங்கம் இதைத் தொடங்கியது. 1907இல் யோஹன்னா வெஸ்டர்டைக் (1883–1961) பொறுப்பேற்றபோது இதில் சுமார் 80 பூஞ்சைகளே இருந்தன. அவருக்கு வயது 24. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இதை அவரே நடத்தினார். 1917இல் நெதர்லாந்தின் முதல் பெண் பேராசிரியரும் ஆனார். 1920இல் தொகுப்பு ஆம்ஸ்டர்டாமிலிருந்து பார்ன் என்ற சிற்றூருக்கு மாறியது.

தாளில் ஒட்டிய உலர்ந்த இலை அலமாரியில் தன்பாட்டுக்குக் கிடக்கும். பூஞ்சை அப்படியல்ல. சாய்த்து உறையவைத்த அகார் மீது வளர்த்து, குழாயின் வாயைப் பஞ்சால் அடைத்து வைத்தாலும், உணவு தீர்வதற்குள் ஒரு துணுக்கைக் கிள்ளிப் புதுக் குழாய்க்கு மாற்றியாக வேண்டும். நம் வீடுகளில் உறைமோரைக் காப்பாற்றும் அதே வேலைதான். ஆனால் ஆயிரக்கணக்கான குழாய்களுக்கு. சிற்றுண்ணிகள் புகுந்தால் ஒரு குழாயின் வித்துகளைக் காலில் சுமந்து அடுத்த குழாய்க்குள் சேர்த்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, மாற்றி மாற்றி வளர்க்க வளர்க்கப் பூஞ்சையே மாறிப்போவது. பச்சையாக வித்து விட்டது, சில தலைமுறைகளில் வெறும் வெள்ளைப் பஞ்சாகப் படரும்.

இத்தனை பாட்டுக்கும் பலன் இருந்தது. எல்ம் மரங்கள் வாடிச் சாவதற்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று வெஸ்டர்டைக்கின் மாணவி பேயா ஷ்வார்ட்ஸ் 1922இல் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. இன்னொரு மாணவி கிறிஸ்டின் பியூஸ்மான் அப்பூஞ்சையை நல்ல மரங்களில் செலுத்தி, நோய் வருவதைக் காட்டினார். உலர்ந்த மாதிரியால் இதைச் செய்திருக்க முடியாது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது டெல்ஃப்ட் நகரின் ஈஸ்ட் ஆலை ஒன்று, இங்கிருந்து பெற்ற பெனிசிலியம் பூஞ்சைகளைச் சோதித்து, ‘பாசினால்’ என்ற மறைபெயரில் பெனிசிலின் தயாரித்தது.

பூஞ்சையை வளர்த்துக்கொண்டே இருப்பதைவிட உறங்க வைப்பதே மேல் என்பது மெல்லத் தெளிவாயிற்று. வளர்ந்த பூஞ்சை மீது கனிம எண்ணெய் ஊற்றினார்கள். வித்துகளை உறையவைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை இழுத்துக் கண்ணாடிச் சிமிழில் அடைத்தார்கள். வித்தே விடாதவற்றுக்கு அது உதவவில்லை. அவற்றுக்கு 1960களில் திரவ நைட்ரஜன் கைகொடுத்தது; கழித்தல் 196 பாகை செல்சியஸில் வளர்ச்சி அடியோடு நின்றுவிடும்.

2000இல் தொகுப்பு உட்ரெக்ட்டுக்கு வந்தது. வெஸ்டர்டைக் பேராசிரியரான நூற்றாண்டையொட்டி 2017இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வளர்ப்புகள் இங்குள்ளன. புதிய பூஞ்சைக்குப் பெயரிடுவோர் சான்று மாதிரியாக உயிர் வளர்ப்பையே வைக்கலாம் என்கிறது பன்னாட்டுப் பெயரிடல் விதி. ஆனால் அது வளர்ந்துகொண்டிருக்கக் கூடாது. உறைந்தோ உலர்ந்தோ உறக்கத்தில் இருக்க வேண்டும்.