யாருடைய தயார்நிலை? பழவேற்காட்டிலிருந்து செவிலியர் கல்வி பற்றி ஒரு வாதம்

கல்விக்கென்றே இந்தியா செய்த முதல் செயற்கைக்கோளான எஜுசாட், 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணுக்குப் போனது. அந்தத் தீவுக்கும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் இடையே கிடப்பது ஏரிதான். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகவேண்டாம் என்று இங்குள்ள மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். தொலைக்கல்விக்காக ஒரு நாள் தொழிலை விட்டுக்கொடுத்த ஊர் என்றே இதைச் சொல்லலாம். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடி, வகுப்பெல்லாம் கைபேசிக்கு வந்தபோது, குப்பத்திலிருந்து நர்சிங் படிக்கும் பெண் அதற்குத் தயாராக இருந்தாளா? இந்தக் கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டுவருகிறோம் என்பதே என் வாதம்.

இணையவழிக் கல்விக்கான தயார்நிலையை அளக்கப் பரவலாகப் பயன்படும் அளவுகோலை, தைவான் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து ஹங் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010இல் வெளியிட்டார்கள். தானே கற்கும் திறன், ஊக்கம், கணினி-இணையப் பழக்கம், கவனம் சிதறாத கட்டுப்பாடு, இணையத்தில் தயங்காமல் பேசுதல் என அதற்கு ஐந்து கூறுகள். ஐந்தும் மாணவரின் மனத்துக்குள் தேடுகின்றன, வீட்டை எட்டிப்பார்ப்பதில்லை. 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆம் சுற்றில், இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதம், இணைய வசதி 14.9 சதவீதம். ஒரே போன் உள்ள வீட்டில் அப்பா படகேறினால் போனும் படகேறும். அந்த நேரத்து வகுப்பைத் தவறவிட்ட பெண்ணுக்குக் 'கட்டுப்பாடு' குறைவு என்று மதிப்பெண் போட்டால், நாம் அளந்தது அப்பா வலைக்குப் போகும் நேரத்தைத்தான்.

செவிலியர் படிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு; அதுவே பெரியது. ரத்த அழுத்தம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். கைப்பட்டையில் காற்றை ஏற்றி, விநாடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் பாதரச அளவில் மெல்ல இறக்கவேண்டும். முதல் துடிப்பு கேட்கும் இடம் மேல் அளவு, ஓசை அடங்கும் இடம் கீழ் அளவு. அந்த ஓசை மிகத் தாழ்ந்த அதிர்வு. போனின் சிறு ஒலிபெருக்கி அதைச் சரியாகத் தராது. வால்வைத் திருகும் விரலின் நிதானத்தையோ எந்தத் திரையும் தராது. இதே ஏரியில் இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, கலங்கல் நீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். கண் உதவாத இடத்தில் கை கற்றுக்கொள்ளும் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

அப்படியானால் இணையவழிக் கல்வியே வேண்டாமா? வேண்டும். உடற்கூறும் மருந்தியலும் நிறுத்தி நிறுத்திக் கேட்கும் பதிவாக வருவது, வீட்டுவேலைக்கு நடுவே படிக்கும் பெண்ணுக்குப் பெரிய உதவி. நேரலை வருகைப்பதிவுதான் அவளைத் தோற்கடிக்கிறது. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' இந்த ஏரியில் வெகுகாலமாக இருக்கிறது. அது எல்லாருக்கும் நியாயம் செய்தது என்று சொல்லமாட்டேன். 'பாடு' உரிமை இல்லாதவர்கள் இன்றும் கரையோரத்தில்தான் நிற்கிறார்கள். ஆனாலும் வளம் குறைவாக இருக்கும்போது ஆளைக் குறைசொல்லாமல் முறையைத் திருத்துவது என்ற அதன் அடிப்படை நமக்கு வேண்டியது. பாடத்தை இரவில் இறக்கிவைத்துக்கொள்ளட்டும்; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைப்பயிற்சிக்குச் சிறு குழுக்களாக முறை வரட்டும்.

ஆகவே தயார்நிலை வினாத்தாளை முதலில் நிரப்பவேண்டியது கல்லூரி. ஒரு பாடத்தின் பதிவு எத்தனை எம்பி? சிக்னல் இல்லாதபோதும் அது ஓடுமா? இந்தப் பருவத்தில் ஒவ்வொரு மாணவியும் எத்தனை பேரின் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தாள்?