ஒரே எண், வேறு வேறு எழுத்து: தமிழ் எழுத்துருக்களின் மோதல்

1990களில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண் வரிசையை வைத்திருந்தது. அன்றைய எட்டு பிட் முறையில் இருந்த இடங்கள் 256. அவற்றில் 247 தமிழ் எழுத்துகளையும் ஆங்கிலத்தையும் சேர்த்து அடைக்க முடியாது. ஆகவே கொம்பையும் காலையும் தனித்துண்டுகளாக்கிச் சேர்த்தார்கள். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில்தான் உடன்பாடு இல்லை. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் வெளியிட்ட, மயிலாப்பூரின் செல்லப்பெயரைத் தாங்கிய 'மயிலை', ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தது. மலேசியாவின் முரசு அஞ்சல், தமிழக அலுவலகங்களின் வானவில், இலங்கையின் பாமினி ஆகியவை வேறு வேறு வரிசைகள்.

இதன் சுமை விழுந்தது மயிலாப்பூர், தியாகராய நகர் டி.டி.பி. நிலையங்களின் மேல். எழுத்தாளர் கொடுத்த பிளாப்பியைத் திறந்தால் பக்கம் முழுக்கக் கிறுக்கல். கோப்பில் பிழை இல்லை. எண்கள் அப்படியேதான் இருக்கும், அவற்றுக்குரிய உருவங்கள்தான் மாறியிருக்கும். கணினியிலுள்ள எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒரு சொல்லாவது வாசிக்கக் கிடைக்கிறதா என்று தேடுவதுதான் அன்றைய வைத்தியம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதற்கு முடிவு தேடியது. தமிழுக்கு மட்டுமான 'டாம்', ஆங்கிலமும் சேர்ந்த 'டாப்' என்ற இரு எண் வரிசைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு அவ்வாண்டே ஏற்றது. ஆயினும் இணையக் குழுக்களில் வளர்ந்த 'டிஸ்கி' என்ற எண் வரிசை வழக்கொழியவில்லை. தரம் வந்த பிறகும் தரங்கள் பலவாகவே இருந்தன.

டிஸ்கியில் நேர்ந்த ஒரு சிக்கல் இந்த மோதலின் தன்மையை நன்றாகக் காட்டும். அதில் 'இ' எழுத்துக்குரிய எண் 173. பல மென்பொருள்களுக்கோ அந்த எண் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. எனவே 'இலை' என்று அடித்தால் 'லை' மட்டும் நிற்கும். பின்வந்த 1.7 பதிப்பில் 'இ'க்கு 254ஆம் இடமும் கொடுத்தார்கள்.

1991 முதலே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த யூனிகோடு, விண்டோஸ் 2000 வந்த பிறகே பரவலான புழக்கத்துக்கு வந்தது. அதிலும் மாற்றம் எளிதாக இல்லை. பழைய முறைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் வைத்தன. யூனிகோடில் மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. ஆகவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, 'கொ' போன்றவற்றை வரிசை மாற்றி அடுக்கவும் வேண்டும். 'ஔ'வின் சிறகும் 'ள'வும் ஒரே உருவம் என்பதால் அங்கும் பிழை நுழைந்தது. இன்றும் தேடல்களில் அது தொல்லை தருகிறது. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இந்த மாற்று வேலையைச் செய்தன. பக்கம் கட்டும் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு புரியாததால், யூனிகோடில் வந்த கட்டுரையைப் பழைய எழுத்துருவுக்குத் திருப்பி மாற்றும் வழக்கம் அச்சுத் தொழிலில் நெடுநாள் நீடித்தது.

2010 ஜூன் 23 அன்று, கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடையும் 16 பிட் 'டேஸ்' முறையையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் அவற்றுக்கான எழுத்துருக்களைக் கட்டணமின்றித் தருகிறது. பழைய குறுந்தகடுகளை வைத்திருக்கும் எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் செய்யவேண்டியது ஒன்று உண்டு: எந்த எழுத்துருவில் அடித்தது என்பதை நினைவிருக்கும்போதே உறைமேல் எழுதிவைத்து, யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.