கூட்டுநிதிப் பொறுப்பு

பலரிடம் முன்பணம் திரட்டியவர் சொன்ன பொருளைத் தராதபோது அவரைச் சட்டத்தின்முன் பொறுப்பாக்குதல். இணையத்தில் பணம் திரட்டி உருவாக்கும் விளையாட்டுத் திட்டங்களில் இச்சிக்கல் எழுகிறது.

பலருடைய பணத்தைக் கையாண்டவர் கணக்குக் காட்டவேண்டும் என்பதற்குத் தமிழகத்தின் தலைசிறந்த சான்று காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ளது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபை வாரியங்களுக்கு, பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை வழி ஆள் தேர்ந்த முறையை விவரிக்கின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது பிரிவுகள். சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனி. கால்வேலிக்கு மேற்பட்ட, வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் 35 முதல் 70 வரையிலான வயதும் தகுதிகளுள் சில. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்தில் இடப்படாது. அந்தத் தடை அவரோடு நிற்கவில்லை: சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனர், மருமகன், தந்தை, மகன் எனச் சுற்றம் முழுவதையும் பற்றியது. கணக்கை எழுதியவரே வந்து காட்டவேண்டும். இன்னொரு கணக்கன் புகுந்து முடித்தல் ஆகாது. நிலமுடையோர் சபையே ஆயினும், இவ்வளவு கண்டிப்பான விதி இன்றைய கூட்டுநிதித் தளங்களில் இல்லை.

அமெரிக்காவில் ஒரு பலகை விளையாட்டுக்கு 2012இல் 35,000 டாலர் கேட்கப்பட்டது. கிக்ஸ்டார்ட்டர் என்னும் கூட்டுநிதித் தளத்தில் 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் கொடுத்தனர். திரட்டியவர் விளையாட்டைத் தராமல், பணத்தின் பெரும்பகுதியை வீட்டு வாடகை முதலிய சொந்தச் செலவுகளுக்குச் செலவிட்டதாகக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2015இல் வழக்குத் தொடுத்தது. சுமார் 1,11,800 டாலருக்குத் தீர்ப்பாகியும், அவரிடம் கட்ட வழியில்லை என்று வசூல் நிறுத்திவைக்கப்பட்டது. பணம் போட்டவர்களுக்கு அதனால் கிடைத்தது ஒன்றுமில்லை. அதே ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில், சீட்டுக்கட்டு தருவதாகப் பணம் பெற்றவருக்கு, அம்மாநிலத்தில் ஏமாந்த 31 பேருக்காகத் தலைக்கு 1,000 டாலர் வீதம் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தியாவில் இத்தகைய கூட்டுநிதிக்குத் தனிச்சட்டம் இல்லை. முன்பணம் போட்டவரைக் கொடையாளராக அன்றி, பொருள் வாங்குபவராகவே கொள்ளலாம். ஆதலால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தக்கூடும். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருந்தால் மோசடிக் குற்றம். தீபாவளிச் சீட்டு பிடித்துக் கைவிரிப்பவர்கள்மீது தமிழகத்தில் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் பாய்கிறது. நுகர்வோர் புகாரை, விற்றவர் எங்கிருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்கலாம்.