திருகோணமலைக் கடலில் ஒரு வேட்டு

1782 செப்டம்பர் 3. திருகோணமலைக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் பதினான்கு பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் பன்னிரண்டு ஆங்கிலக் கப்பல்களும் எதிரெதிரே நின்றன. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் கப்பல் ஏரோவில் நெருங்கிச் செல்லும்படி கட்டளைக் கொடி பறந்தது. கப்பல்கள் நெருங்கவில்லை. கொடியைக் கவனிக்கச் செய்ய அவர் ஒற்றைப் பீரங்கியை வெடிக்க வைத்தார். அக்காலக் கடற்படைகளின் வழக்கம் அது. அவருடைய சொந்தக் கப்பலின் பீரங்கிக்காரர்களே அதைச் சுடுவதற்கான ஆணை என்று எடுத்துக்கொண்டார்கள். ஏரோவின் ஒரு பக்கப் பீரங்கிகள் முழுவதும் முழங்கின. அதைக் கேட்டுப் பின்னால் வந்த கப்பல்களும் எட்டாத தூரத்திலிருந்தே சுடத் தொடங்கின.

திருகோணமலைத் துறைமுகத்துக்காக ஏன் இத்தனை அடிபிடி? சோழமண்டலக் கரையில் சென்னைக்கோ கடலூருக்கோ அன்று ஒதுங்கிடம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட வேண்டும். அக்டோபரில் வாடைக்காற்று கிளம்பினால் ஆங்கிலக் கப்பற்படை பம்பாய் வரை ஓடியாக வேண்டும். எந்தக் காற்றிலும் தங்கக்கூடிய ஆழமான துறை இந்தப் பக்கத்தில் திருகோணமலை ஒன்றே. ஒல்லாந்தரிடமிருந்து அதை ஆங்கிலேயர் பிடித்தது அந்த ஆண்டு ஜனவரியில். ஆகஸ்டு கடைசியில் சுஃப்ரான் வந்து படையை இறக்கினார். கோணேசர் கோயிலை இடித்த கற்களால் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை 30ஆம் தேதியும், துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்டன்பேர்க் கோட்டை மறுநாளும் பணிந்தன.

சரணடைந்தவர்களைச் சென்னைக்கே அனுப்பிவைப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். பெருந்தன்மை என்பதைவிட அவசரம் என்பதே பொருத்தம். எதிரணித் தளபதி எட்வர்ட் ஹியூஸ் எந்நேரமும் வந்துவிடலாம். பேரம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. செப்டம்பர் 2 மாலையில் ஹியூஸ் வந்தும்விட்டார். மறுநாள் விடிந்தபோது கோட்டைகளில் பிரெஞ்சுக் கொடி தெரிந்தது.

இதே சுஃப்ரான் சில வாரங்களுக்கு முன் கடலூரில் செய்தது வேறு. ஆங்கிலக் கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சு இழுபட்டது. அவர்களுக்குச் சோறு போடவோ காவல் வைக்கவோ தன்னிடம் வழியில்லை என்று சொல்லி, அவர்களை மைசூரின் ஹைதர் அலியிடம் ஒப்படைத்துவிட்டார். அன்றே அது பெரும் பழியைத் தேடித்தந்தது. கோட்டைக்காரர்களுக்குக் காட்டிய தாராளத்தையும் கைதிகளுக்குச் செய்ததையும் ஒரே தராசில் வைத்தால், இரண்டையும் முடிவு செய்தது வசதிதான் என்று தோன்றுகிறது.

போருக்கு வருவோம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. கோட்டை கையில் இருக்கிறது, கடலுக்குப் போவானேன் என்று அதிகாரிகள் சிலர் தயங்கினார்கள். ஹியூசோ பின்வாங்குவதுபோலக் காட்டிப் பிரெஞ்சுக் கப்பல்களைக் கரையிலிருந்து வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனார். துரத்தியதில் பிரெஞ்சு அணி சிதறியது. வேட்டுக் குழப்பம் நடந்த பிறகு ஏரோ, இலுஸ்த்ர், அஜாக்ஸ் ஆகிய மூன்று மட்டும் ஆங்கில அணியின் நடுப்பகுதியிடம் தனியாக மாட்டின. மற்றவை காற்று விழுந்துபோய் முன்னும் பின்னும் தத்தளித்தன. அன்று இறந்த பிரெஞ்சுக்காரர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் அந்த மூன்று கப்பல்களில் இருந்தவர்கள். ஏரோவின் நடுப்பாய்மரம் கொடியோடு சாய்ந்தது. சரணடைந்துவிட்டது என்று ஆங்கிலேயர் ஆரவாரித்தார்கள். இருக்கிற வெள்ளைக் கொடிகளையெல்லாம் கொண்டுவந்து கப்பலை மூடச் சொல்லி சுஃப்ரான் கத்தினார் என்று கதை உண்டு. அன்றைய பிரெஞ்சுக் கடற்படைக்குக் கொடி நிறமே வெள்ளை.

இருட்டுதான் சண்டையை முடித்தது. திரும்பும் வழியில், 74 பீரங்கிக் கப்பலான ஒரியாந்த் துறைமுகத்துக்குள் நுழையும்போது தரைதட்டி அழிந்தது. அந்தச் சண்டையில் எதிரியிடம் ஒரு கப்பலைக்கூட இழக்காதவர் வீட்டு வாசலில் இழந்தார்.

தன் கப்பல் தலைவர்களைத் திட்டி சுஃப்ரான் பாரிசுக்குக் கடிதம் எழுதினார். அவர்களில் நால்வர் மொரீசியசுக்குப் போக விடை கேட்டார்கள், கொடுத்துவிட்டார். அவர்களில் சிலர் சோம்பியதும் உண்மைதான். ஆனால் இதற்கு முந்தைய நாகப்பட்டினச் சண்டைக்குப் பிறகும் அவர் சிலரை இப்படித்தான் அனுப்பியிருந்தார். அவரது திட்டம் பெரும்பாலும் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. எதிரியின் பின்வரிசையை இருபுறமும் நெருக்க வேண்டும் என்பதை மேசையைச் சுற்றி உட்காரவைத்து எல்லோருக்கும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. சண்டைப் புகைக்குள் கொடி மட்டுமே பேசியது. 1805இல் டிரஃபால்கருக்கு முன் நெல்சன் தன் கப்பல் தலைவர்களை விருந்துக்கு அழைத்துத் திட்டத்தை வாய்விட்டு விளக்கினார். அந்த விருந்துக்கு ஆன செலவு ஒரியாந்தின் ஒரு பாய்க்கு ஆகியிருக்காது.

சுஃப்ரானும் மாறினார், பாதி அரசாணையால். பிரெஞ்சு அட்மிரல் தெ கிராஸ் தன் முதன்மைக் கப்பலோடு கரீபியனில் பிடிபட்ட பிறகு, சண்டையின்போது தளபதி சிறு கப்பலில் விலகி நிற்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசு உத்தரவிட்டது. 1783 ஜூனில் அவர் திருகோணமலையிலிருந்து கடலூருக்குப் புறப்பட்டார். 20ஆம் தேதி கிளியோபாத்ர் என்ற சிறு கப்பலில் நின்று, பதினைந்து கப்பல்களை வைத்து ஹியூசின் பதினெட்டை எதிர்கொண்டார். புகைக்கு வெளியே நின்றவரின் கொடி எல்லோருக்கும் தெரிந்தது. அணி குலையவில்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார்.

ஐரோப்பாவில் சமாதான முன்வரைவு கையெழுத்தானது அந்த ஜனவரி 20இலேயே. செய்தி கடலூருக்கு வந்தது ஜூன் கடைசியில். உடன்படிக்கையின்படி நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் நின்றது. திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தருக்கே போனது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்து அதை மறுபடியும் பிடித்தார்கள்.