அம்பாசடருக்கு ஒன்றுவிட்ட தம்பி

எங்கள் புனே அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இப்போது மூன்று எம்.ஜி. வண்டிகள் நிற்கின்றன. 2019 முதல் குஜராத்தின் ஹாலோலில் தயாராகிற ஹெக்டர் வகையறா. "சைனாக் கம்பெனிதானே சார்?" என்று யாராவது கேட்டால் போச்சு, நான் எம்.ஜி.பி. கதையை ஆரம்பித்துவிடுவேன். தங்கமணி எழுந்து உள்ளே போய்விடுவார். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள் :)

எம்.ஜி.பி. 1962-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் 1798 சிசி என்ஜின் பி.எம்.சி.யின் 'பி சீரிஸ்' குடும்பம். நம் பெட்ரோல் அம்பாசடரில் இருந்த 1489 சிசி என்ஜினும் அதே குடும்பம்தான். ஆக, கல்யாணத்துக்குப் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு போன வண்டிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி முறை.

தம்பிக்கு 95 குதிரைசக்தி. அது போதாது என்று நினைத்தவர் கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர். 1970 வாக்கில் ரோவரின் 3.5 லிட்டர் வி8 என்ஜினை எம்.ஜி.பி.க்குள் பூட்டினார். எட்டு சிலிண்டர் என்றாலும் அது அலுமினியம். எடை ஏறக்குறைய பழைய வார்ப்பிரும்பு என்ஜின் அளவுதான். முன்பக்கம் பாரம் ஏறவில்லை, ஸ்டீயரிங் கெடவில்லை. (நம்மூரில் கிடைத்த டீசல் என்ஜினை எல்லாம் பூட்டி, மூக்கு தொங்க ஓட்டிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.) பிரிட்டிஷ் லேலண்ட் அவர் காரை வாங்கிப் பார்த்தது. 1973-ல் தானே ஒரு எம்.ஜி.பி. ஜிடி வி8 கொண்டுவந்து, 2591 கார்களோடு 1976-ல் நிறுத்திவிட்டது. வழி காட்டியவருக்கு அந்தக் காரில் பெயர் இல்லை.

பிறகு அமெரிக்கச் சட்டத்துக்காக 1974-ல் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, உயரத்தையும் கூட்டி, அழகான காரை அசடாக்கினார்கள். 5 லட்சத்துக்கும் மேல் செய்தபின் 1980 அக்டோபரில் ஆபிங்டனுக்குப் பூட்டு.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. கதவுக்கடியில் ஓடும் 'சில்' துருப்பிடித்தால் என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கார் காலி. இங்கிலாந்து மழையில் ஆயிரக்கணக்கில் அப்படிப் போயின. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-ல் புத்தம் புது எம்.ஜி.பி. பாடிகளையே அடித்து விற்க ஆரம்பித்தது. அதை வாங்கி, தன் பழைய காரின் உறுப்புகளை மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் அது பழைய காரா, புதுக் காரா? பழையதுதான் என்பேன். வேண்டுமானால் சண்டைக்கு வாருங்கள்.

1989-ல் மஸ்டாவின் மியாட்டா வந்து சக்கைப்போடு போட்டதும் ரோவருக்கு ரோஷம் வந்தது. கையில்தான் பாடி இருக்கிறதே! 1992-ல் எம்.ஜி. ஆர்வி8 வந்தது. 3.9 லிட்டர் வி8, எரிபொருள் இன்ஜெக்ஷன், 190 குதிரைசக்தி, ஐந்து கியர், தோல் சீட், டாஷ்போர்டில் மரப் பலகை. வெளித்தகடுகள் பலவும் மாறின. கதவும் டிக்கி மூடியும் பழையவை. ஆனால் பின்னால் அதே லீஃப் ஸ்பிரிங் (லாரிக்காரர் பாஷையில் பட்டை), அதே டிரம் பிரேக். நான் புனேயில் சஸ்பென்ஷன் பாகங்கள் செய்கிற இடத்தில் குப்பை கொட்டுகிறவன். 190 குதிரையை இழுத்துவந்து பட்டையில் கட்டியதை மன்னிக்க முடியவில்லை. விற்ற 1983 கார்களில் சுமார் 1579 ஜப்பானுக்குப் போயின. அங்கே ஏசியோடு வாங்கிப் பத்திரமாக வைத்திருந்ததால், பிற்பாடு ஆங்கிலேயர்கள் அங்கிருந்தே திரும்ப வாங்கினார்கள்!

அந்த ஆர்வி8 மூலம் பெயர் உயிரோடு இருந்தது. 1995-ல் எம்.ஜி.எஃப், 2005-ல் எம்.ஜி. ரோவர் திவால், அப்புறம் சீனா, இப்போது எங்கள் பார்க்கிங்.

அம்பாசடருக்கும் 1990களில் 1.8 லிட்டர் இசுஸு என்ஜினும் ஐந்து கியரும் வந்தன. ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது வேறு வண்டி. 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது.

இவ்வளவும் எழுதக் காரணம் கும்பகோணத்துப் பெரியப்பா மகன். கொட்டகையில் நிற்கும் பெரியப்பாவின் அம்பாசடருக்குப் புது என்ஜின், ஏசி, பவர் ஸ்டீயரிங் போட எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்டார். "என்ஜினுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கணும்ணா, அதை அப்புறம் பாப்போம். மொதல்ல கார்ப்பெட்டைத் தூக்கி ஃப்ளோரைப் பாருங்க. கதவுக்குக் கீழே சின்னச் சுத்தியலால தட்டுங்க" என்றேன். அதுவும் சேஸிஸ் இல்லாத ரகம். டங் என்று கேட்டால் நல்லது; பொத்தென்று கேட்டால் மொத்தச் செலவும் தகரத்துக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தட்டிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.