மிஞ்சின சோற்றுரை

மூலம்

"பிள்ளை, மிஞ்சின சோத்தைச் சாப்பாடு முடிஞ்ச கையோடை பரவி ஆறவிடு. சுடச்சுட மூடாதை. நல்ல தண்ணி விட்டு வை. பால் விட்டதையும் மீன் பட்டதையும் சேர்க்காதை. விடியத் தின், வெயிலேற வையாதை. நூல் விட்டாக் கொட்டு."

உரை

இஃது ஊர்காவற்றுறையில் மாமி ஒருவர் தம் மருமகட்குச் சொல்லிய வீட்டுச்சொல். சொல் சிலவாயினும் ஒவ்வொன்றும் ஓர் ஏதத்தைக் காத்து நிற்றலின், தொடர்தோறும் பொருள் கூறுதும்.

பிள்ளை: விளி. கட்டளையை அன்பின்வழிக் கூறுதற்கு முன் வைத்தார்.

மிஞ்சின சோத்தை: பானையில் எஞ்சிய சோற்றை. கோப்பையில் எஞ்சியதும் உண்ட கை பட்டதும் ஈண்டு அடங்கா. அவை வைத்தற்கு உரியனவே அல்ல. நன்கு கொதித்து வெந்த சோற்றிற்கு இத்துணைக் காவல் எற்றுக்கெனின், கூறுதும். பசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் மண்ணிலும் தானியத்திலும் இயல்பாக உள்ளது. அதன் வித்து கொதிநீரிலும் மாளாது. உலையிற் பிழைத்த வித்து, சோறு இளஞ்சூட்டில் கிடக்குங்கால் முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். எனவே வெந்தமை காவல் ஆகாது. வெந்த பின் வைத்த முறையே காவல்.

சாப்பாடு முடிஞ்ச கையோடை: உண்டு முடித்தவுடன், காலம் தாழாது. இவ்வூரில் சோறு பெரும்பாலும் மத்தியான உணவு; இரவுக்குப் புட்டோ இடியப்பமோ ஆகும். ஆகவே மிஞ்சிய சோறு பின்னேரம் முழுதும் அடுக்களை வெக்கையில் கேட்பாரற்றுக் கிடத்தல் எளிது. 'படுக்க முதல்' என்னாது 'கையோடை' என்றது அவ்விடைப்பட்ட மணிகளை நீக்குதற்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட உணவுக்காப்பு நெறி ஐந்தனுள் ஒன்றும் இதனையே வற்புறுத்தும்: சமைத்ததை அறைச்சூட்டில் 2 மணித்தியாலத்திற்கு மேல் விடலாகாது, 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடே கிருமி பெருகும் நிலம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் அன்னதானச் சோற்றைப் பார்சலாகக் கட்டிக் கொணர்வார், வள்ளத்திலும் குறிகட்டுவான் இறங்கிய பின் வழியிலும் கழியும் பொழுதையும் அவ்விரண்டு மணியுட் கூட்டிக் கொள்க.

பரவி ஆறவிடு, சுடச்சுட மூடாதை: முன்னது விதி, பின்னது விலக்கு, பொருள் ஒன்றே. பானைச் சோற்றின் மேற்புறம் ஆறினும் நடுப்புறம் பல மணி நேரம் வெதுவெதுப்பு மாறாது. அகன்ற தட்டில் இருவிரல் உயரத்திற்குப் பரவின் விரைந்து ஆறும். மூடினால் ஆவி மூடியிற் படிந்து நீராய்ச் சொட்டிச் சூட்டையும் ஈரத்தையும் உள்ளே சிறைப்படுத்தும். ஈ மொய்யாமல் மெல்லிய துணி இடுதல் இவ்விலக்கிற்கு மாறன்று. பிரிட்ஜ் உள்ளார் ஆறியவுடன் அதனுள் வைத்து மறுநாளே உண்க.

இத்துணையும் கூறியவர் 'சுடவைத்துத் தின்' என யாண்டும் கூறிற்றிலர். அம்மொழியாமையே இம்மூலத்தின் உயிர்நிலை என்க. நாள் முழுதும் வெளியே கிடந்ததை ஆவி பறக்கச் சுடவைத்தாற் குற்றம் தீரும் என்பது பலர் கொள்கை. அஃது அற்றன்று. கிருமி சாகும், அது முன்னரே சுரந்த செரியுலைட் என்னும் நஞ்சு சாகாது. 121 பாகைச் சூட்டில் 90 நிமிடம் வைத்தும் அழியாதது அது. 1970களின் தொடக்கத்தில் இலண்டன் முதலிய இடங்களில் சீன உணவகங்களின் பொரித்த சோற்றை உண்டோர் பலர் வாந்தியெடுத்தனர். அவித்த சோற்றை இரவு வெளியே வைத்து மறுநாள் பொரித்தமையே காரணம் எனக் கண்டனர். பொரிசட்டியின் சூடும் உதவவில்லை. உண்ட அரைமணி முதல் ஆறு மணிக்குள் வாந்தி தோன்றும். ஆகவே முறையாக வைத்ததையும் ஒருமுறையே சுடவைக்க. முறை தவறியதைச் சுடவைத்துப் பயனில்லை.

நல்ல தண்ணி விட்டு வை: தீவகத்தில் 'நல்ல தண்ணி' என்பது உவரில்லாத குடிநீர். பல கிணறுகள் சவர்ப்பட்ட இந்நிலத்தில் வேலணைச் சாட்டிக் கிணற்று நீரின் அருமை அறியாதார் இலர். கொதித்தாறிய நீராயின் மிக நன்று.

நீர்ச்சோறு இரவு முழுதும் வெளியே இருத்தலின் இரண்டு மணி என்றதனோடு முரணாதோ எனின், நன்று வினாயினை. நீர் சோற்றின் சூட்டைத் தணிக்கும். பின்னர்ப் பாலைத் தயிராக்கும் இனத்து நுண்ணுயிர்கள் சோற்றைப் புளிக்கச் செய்யும். புளிப்பு முதிர்ந்தவிடத்து முற்கூறிய கிருமி பெருகமாட்டாது. ஆயினும் புளிப்பு ஏறும் முன்னுள்ள மணிகளில் இக்காவல் குறைவு. அக்குறையை நிரப்புவன ஆறிய சோறும் தூய நீரும் கழுவிய பாத்திரமும். மின்சாரம் எட்டாத காலத்தில் இது வழியாயிற்று. இன்றும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்பன பெருநில மின்வலையோடு சேராதன. குளிரில் வைக்க இயலும் வீட்டார் அதனையே கொள்க. கைக்குழந்தைக்கும் கருவுற்றாட்கும் நோயாளிக்கும் முதியோர்க்கும் வெளியே வைத்த பழஞ்சோறு வேண்டா. புதிதாய் வடித்ததே கொடுக்க.

பால் விட்டதையும் மீன் பட்டதையும் சேர்க்காதை: தேங்காய்ப்பால் கலந்த சோறும் மீன்கறி பட்ட சோறும் விரைந்து கெடும், அவற்றை அன்றே முடிக்க. சூரை, கும்பளா முதலிய மீன்கள் கடிதின் குளிர்த்தப்படாவிடின் அவற்றிற் சேரும் இஸ்டமின் நஞ்சும் அடுப்பிற்கு அடங்காதது. பழஞ்சோற்றுக் குழையலுக்குக் கறி வேண்டாவோ எனின், வேண்டும். முறையாகத் தனித்து வைத்த கறியைக் காலையிற் கொதிக்கச் சுடவைத்து ஆற்றிக் குழைக்க. இரவே குழைத்து வைத்தல் கூடாது.

விடியத் தின், வெயிலேற வையாதை: காலை உணவாகவே முடிக்க என்றவாறு. நண்பகல் வெக்கைக்கு மற்றொருகால் விடலாகாது.

நூல் விட்டாக் கொட்டு: விரலால் எடுக்குங்கால் பிசுபிசுத்து இழையாய் நீளுதல் நூல் விடுதல். நூல் விட்டது கெட்டது என்பது துணிபு. நூல் விடாதது நல்லது என்பது இதனாற் போதராது. செரியுலைட்டிற்கு நாற்றமும் இல்லை, சுவையும் இல்லை, இழையும் இல்லை. ஆகலின் மணந்து பார்த்தும் ஒரு வாய் தின்று பார்த்தும் தேறற்க. வைத்த நேரம் தெரியாத சோறும் நூல் விட்ட சோற்றோடு ஒக்கும். 'கழுவு' என்னாது 'கொட்டு' என்றார், கழுவுதல் நீரோடு செல்வதைப் போக்குமேயன்றி அரிசியினுட் புகுந்ததைப் போக்காது ஆகலின்.