வானத்து ஒற்றர்கள் – 7: அணு உலை சுமந்த ராடார்

கேமரா வைத்த உளவுச் செயற்கைக்கோளுக்கு இரவும் மேகமும் எதிரிகள். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் நடுக்கடலில் எங்கே நிற்கின்றன என்று அறியத் துடித்த சோவியத் கடற்படைக்கு இது பெரிய இடைஞ்சல். ராடாருக்கு அந்தக் கவலை இல்லை. ரேடியோ அலையைத் தானே அனுப்பி, கப்பலின் இரும்பில் பட்டுத் திரும்புவதைப் பிடித்துக்கொள்ளும். 1960-களில் சோவியத் பொறியாளர் விளாதிமிர் செலோமேயின் வடிவமைப்பகம் இந்த வேலையில் இறங்கியது. அங்கே உருவான செயற்கைக்கோளை மேற்கு நாடுகள் ‘ரோர்சாட்’ என்று அழைத்தன.

சிக்கல் மின்சாரத்தில் வந்தது. ராடாருக்கும் கப்பலுக்கும் இடையே தூரம் இருமடங்கானால், திரும்பி வரும் அலையின் பலம் 16-ல் ஒரு பங்காகிவிடும். ஆகவே சுமார் 250 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றியாக வேண்டும். அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று உண்டு. அகலமான சூரியத் தகடுகளை விரித்தால் அந்தக் காற்றே வேகத்தைக் குறைத்துச் செயற்கைக்கோளைச் சீக்கிரம் கீழே இறக்கிவிடும்.

தகடு வேண்டாம், அணு உலையே வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். ‘பூக்’ என்ற அந்த உலையில் செறிவூட்டிய யுரேனியம் சுமார் 30 கிலோ. 100 கிலோவாட் வெப்பத்திலிருந்து கிடைத்த மின்சாரம் 3 கிலோவாட்தான். இன்று நம் வீட்டு மாடியில் வைக்கிற சோலார் தருகிற அளவு. நீண்ட உருளையின் ஒரு முனையில் உலை, பக்கவாட்டில் ராடார் ஆன்டெனா. வேலை முடிந்ததும் உலைப் பகுதி மட்டும் பிரிந்து, தன் சிறிய ராக்கெட்டால் 900 கிலோமீட்டருக்கு மேல் ஏறிவிட வேண்டும். பல நூறு ஆண்டுகள் அங்கேயே சுற்றி, கதிரியக்கம் தணியும் என்பது கணக்கு. மொத்தப் பாதுகாப்பையும் அந்த ஒரே ராக்கெட்டை நம்பி விட்டிருந்தார்கள். என் பார்வையில், மன்னிக்க முடியாத துணிச்சல் அது.

1977 செப்டம்பரில் ஏவிய காஸ்மோஸ் 954 என்ற ரோர்சாட் கட்டுப்பாட்டை இழந்தது. உலை மேலே போகவில்லை. 1978 ஜனவரி 24 அன்று கனடாவின் வடமேற்குப் பகுதியில், கிரேட் ஸ்லேவ் ஏரி தொடங்கி வடகிழக்காகச் சிதறி விழுந்தது. தெலான் ஆற்றங்கரையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த ஆய்வுக் குழுவினரில் இருவர், உறைந்த ஆற்றுப் பனியில் ஒரு பள்ளத்தையும், அதிலிருந்து மான் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருந்த கருகிய உலோகத்தையும் கண்டார்கள். விவரம் தெரியாமல் கையுறையால் தொட்டும் பார்த்தார்கள். கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1,24,000 சதுர கிலோமீட்டரை மாதக்கணக்கில் சலித்தன. மீட்டது எரிபொருளில் ஏறத்தாழ 0.1 சதவீதம்!

கனடா 60 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டது. சோவியத் அரசு 1981-ல் 30 லட்சம் கொடுத்துக் கணக்கை முடித்தது. அதற்குப் பிறகும் ரோர்சாட்கள் 1988 வரை பறந்தன. அதே 1988 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய லாக்ராஸ் ராடார் செயற்கைக்கோள், சூரியத் தகடுகளைக் கொண்டே இயங்கியது. அது எப்படிச் சாத்தியமானது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.